பாலாம்பிகை அவித்த மாவில் சுட்ட மஃபின்

1969ஆம் ஆண்டு ஆவணி மாதம் ஒரு வியாழக்கிழமை காலை, இலங்கை மலைநாட்டு ஹுன்னஸ்கிரியவில் பாலாம்பிகை சுட்ட வாழைப்பழ மஃபின்களின் வாசனை காற்றுக்கு எதிராக அரை மைல் மேட்டில் ஏறி, தேயிலைத் தொழிற்சாலைக்குள் புகுந்து, அங்கே வேலையில் நின்ற நாற்பத்தொரு பேரில் அவள் புருஷனின் மூக்கில் மட்டும் போய் நின்றது. அன்று மழையில்லை. கொழுந்து வழக்கமான அளவுதான் வந்திருந்தது.

புருஷன் விவேகானந்தன் அங்கே டீமேக்கர். அரைத்த கொழுந்து நொதித்துப் பதமாகும் கணத்தை மணந்து பார்த்துச் சொல்வதுதான் அவர் உத்தியோகம். முந்தினால் தேயிலையில் பச்சை வாடை அடிக்கும், பிந்தினால் சாரம் போய்விடும். பாவம், மாசியில் வந்த காய்ச்சலோடு அந்த மனிதரின் மூக்கு செத்துப்போனது. மல்லிகையும் மண்ணெண்ணெயும் அவருக்கு ஒன்றுதான். விஷயம் வெளியே தெரிந்தால் வேலையும் போகும், தோட்டம் கொடுத்த வீடும் போகும். மூன்று பெண்பிள்ளைகளோடு யாழ்ப்பாணம் திரும்பி மாமனார் வீட்டு விறாந்தையில் குந்த வேண்டியதுதான். ஆறு மாதம் அவரைக் காப்பாற்றியவர் கறுப்பையா என்ற தொழிலாளி. பதம் வந்ததும் கறுப்பையா இருமுவார், ஐயா போதுமென்று கையை உயர்த்துவார். அந்தக் கறுப்பையாவுக்கு இப்போது, இரு அரசுகளின் ஒப்பந்தப்படி இந்தியாவுக்குத் திருப்பி அனுப்பும் கடதாசி வந்துவிட்டது. கப்பலுக்கு மூன்று கிழமைதான் மிச்சம்.

பாலாம்பிகைக்கு எல்லாம் தெரியும். கவலை வந்தால் அவள் கை சும்மா இராது. கறுத்துப்போன கோழிக்கூட்டு வாழைப்பழம் ஒரு சீப்புக் கிடந்தது. கெலிஓயாவில் இருக்கும் கூட்டாளி ஹபீலா எழுதிக்கொடுத்த மஃபின் செய்முறைத் துண்டும் கிடந்தது. துண்டில் மா என்றுதான் இருந்தது. யாழ்ப்பாணத்துப் பெண்ணுக்கு அவிக்காத கோதுமை மா மாவே அல்ல. பிட்டுக்குச் செய்வதுபோலவே மாவைத் துணியில் கட்டி ஆவியில் அவித்து, அரித்து, சீனியும் முட்டையும் மாஜரினும் மசித்த பழமும் சேர்த்துக் குழைத்து, மண்ணெண்ணெய் அடுப்பின்மேல் வைக்கிற தகரப் பெட்டிக்குள் வைத்துவிட்டாள். மஃபின் எழும்பவே இல்லை. வாசனைதான் எழும்பிப் போனது.

மேலே விவேகானந்தன் தூணைப் பிடித்துக்கொண்டார். "கறுப்பையா, வாழைப்பழம் வேகிற மணம் வருது!"

"எனக்கு ஒண்ணும் வரலைங்கய்யா," என்ற கறுப்பையா கொழுந்தை ஒரு பிடி அள்ளி முகர்ந்தார். "ஆனா இலை பதமாயிருச்சுங்க. இந்த நிமிசந்தான்."

இதைக் கேட்ட பாலாம்பிகை அன்றிலிருந்து தினமும் சுட்டாள். எந்நேரம் அடுப்பை மூட்டினாலும் மஃபின் வேகும் நேரமும் கொழுந்து பதமாகும் நேரமும் ஒன்றாகவே இருந்தன. மூன்று கிழமையும் பக்கத்தில் நின்று பார்த்த கறுப்பையா, ஒருதரம்கூடப் பிசகாததைக் கண்டு பயணம் சொல்ல வந்தார். "அம்மா, ஐயாவ உங்க அடுப்புக்கிட்ட ஒப்படைச்சிட்டுப் போறேன்." அவள் அழுதுகொண்டே எட்டு மஃபின் கட்டிக்கொடுத்தாள். தங்கமான மனிதர், அந்தக் கற்களைக் கப்பலேறும் தலைமன்னார் வரை சுமந்தார்.

தை மாதம் ஹபீலா வந்து ஒன்றைக் கடித்துப் பார்த்தாள். "யா அல்லாஹ், மாவ அவிச்சா போட்டீங்க? பச்ச மாவயே போடுங்க!" மறுநாள் பாலாம்பிகை அப்படியே செய்தாள். அடேயப்பா, என்ன எழும்பல், என்ன நிறம்! பிள்ளைகள் அடிபட்டுத் தின்றார்கள். மேலே மட்டும் ஒரு மணமும் போகவில்லை. விவேகானந்தன் காத்தார், காத்தார், அன்றைய கொழுந்து முழுதும் பாழானது. தோட்டத்தை நடத்தும் பெரிய துரை வந்து, நாளை நானே பக்கத்தில் நிற்பேன், பதம் தவறினால் பெட்டியைக் கட்டு என்று சொல்லிவிட்டுப் போனார்.

"இண்டைக்கு ஏன் மணம் வரேல்லை?" என்று விவேகானந்தன் வீட்டில் கேட்டார்.

"நல்லா வரட்டுமெண்டு பச்சை மா போட்டனான்," என்றாள் பாலாம்பிகை.

"நாளைக்கு அவிச்சே போடும். அந்தக் கல்லுத்தான் எங்களுக்குச் சோறு."

மறுநாள் துரை கடிகாரத்தோடு நின்றார். விவேகானந்தன் கையை உயர்த்தினார். துரை தானே அள்ளி முகர்ந்தார். குறை சொல்ல ஒன்றுமில்லை. எப்படி இவ்வளவு திட்டமாகத் தெரிந்தது என்று கேட்டார். விவேகானந்தனுக்குப் பொய் அலுத்துவிட்டது.

"என்ர மூக்கு செத்துப் பதினொரு மாதம், சேர். வீட்டில மனிசி மஃபின் சுடுறா. அது வெந்தால் எனக்கு இஞ்ச மணக்கும்."

துரை கடிகாரத்தைச் சட்டைப்பைக்குள் போட்டார். பிறகு, அம்மாவுக்கு மா போதுமா என்று மட்டும் விசாரித்தார்.

அதன்பின் பன்னிரண்டு வருஷம் விவேகானந்தனே டீமேக்கர். தினமும் அரைக்கும் இயந்திரத்தைத் தொடக்குமுன் ஓர் ஆள் கீழே இறங்கி, "அம்மா, அடுப்பு பத்த வச்சுட்டீங்களா?" என்று கேட்டு வருவான். 1972இல் அவளுக்கு இரண்டு நாள் காய்ச்சல். கொழுந்து பறிப்பவர்களுக்கு லீவு விட்டு, தொழிற்சாலையைப் பூட்டி, டீமேக்கரின் மனைவிக்குச் சுகமில்லை என்று துரை கொழும்பிலுள்ள கம்பெனிக்குத் தந்தி அடித்தார். சுகமானதும் தொடங்கவும் என்று கொழும்பு பதில் அனுப்பியது.