மூன்றாம் நடைமேடைக்கு ஓர் அறிவிப்பு

ரயில் நிலையத்தில் அறிவிப்புச் சொல்பவரைப் பட்டாளத்துக்கு அழைத்துக்கொண்ட வாரம், அந்த வேலை பதினைந்து வயதுப் பெண்ணொருத்திக்குக் கிடைத்தது. மண்ணெண்ணெய் வரிசையில் இடையில் புகுந்த மீசைக்காரரை அவள் போட்ட போடு தெருக்கோடி வரை கேட்டிருந்தது. பின்னால் நின்ற நிலைய அதிகாரி, "இந்தத் தொண்டைக்குச் சம்பளம் தர்றேன், வர்றியா?" என்றார்.

"தொண்டை தனியா வராது சார், நானும் கூட வருவேன்."

மாடியில் சின்ன அறை. ஒரு நாற்காலி, ஒரு மைக். விமானத் தாக்குதலுக்குப் பயந்து ஜன்னல் முழுக்கக் கறுப்புத் தாள் ஒட்டியிருந்தார்கள். ஊரே அவள் குரலைக் கேட்டது. அவளோடு பேசத்தான் ஆளில்லை. மதியம் டப்பாவைத் திறந்து, "இன்னைக்கு உப்பு தூக்கல்" என்று அணைத்துவைத்த மைக்கிடம் சொல்வாள். அப்பா இல்லை. ராணுவச் சட்டை தைக்கும் கூடத்திலிருந்து வரும்போதே அம்மாவுக்குக் கண் செருகிவிடும். அவளோடு மல்லுக்கு நிற்கக்கூடிய ஒரே ஆள் அண்ணன். அவன் போர்முனைக்குப் போய்ப் பதினோரு மாதம். கடிதம் நின்று இரண்டு மாதம்.

ஒரு நாள் நிலைய அதிகாரி எட்டிப்பார்த்தார். "நாலரைக்குப் பட்டாள வண்டி. மூணாவது பிளாட்பாரத்துல பத்து நிமிஷம் நிக்கும். நீ மூச்சு விடக்கூடாது."

அவர் கையிலிருந்த தாளில் ஒரு படைப்பிரிவு எண் தெரிந்தது. அண்ணனுக்குப் போட்ட ஒவ்வொரு கடித உறையிலும் அவள் எழுதிய அதே எண்.

வண்டி வந்ததும் படியிறங்கி ஓடினாள். காவலாளி துப்பாக்கியைக் குறுக்கே நீட்டினான்.

"எங்க அண்ணன் அதுல இருக்கான். ஒரே ஒரு தடவை பார்த்துட்டு வந்துடறேன்."

"எல்லாருக்கும்தான் அண்ணன் இருக்கான். போம்மா."

திரும்பி மாடியேறினாள். கறுப்புத் தாளை நகத்தால் கிழித்தாள். கீழே பெட்டி பெட்டியாகச் சவரம் செய்யாத முகங்கள், எல்லாம் ஒரே சாயலில். மைக்கைப் போட்டாள்.

"அண்ணா! நான்தான்டா. மாடியில இருக்கேன். எந்தப் பெட்டியில இருக்கே? கையைக் காட்டு!"

ஒரு கை வெளியே நீண்டது. பக்கத்தில் இன்னொன்று. பிறகு முதல் பெட்டியிலிருந்து கடைசிப் பெட்டி வரை ஜன்னலெல்லாம் கைகள். கட்டுப் போட்ட கையும் ஆடியது.

"இங்கே இருக்கேன் தங்கச்சி!"

"நல்லா இருக்கியாம்மா?"

எந்தக் குரலும் அண்ணன் குரல் இல்லை. அது தெரிந்தும், வண்டி நகர்ந்து மறையும்வரை அவள் இரண்டு கைகளையும் ஆட்டிக்கொண்டே இருந்தாள்.

நிலைய அதிகாரி மூச்சிரைக்க வந்து மைக்கின் கம்பியைப் பிடுங்கினார். "பட்டாள வண்டி போறதை ஊருக்கே தண்டோரா போடுறியா?" என்று கத்தியவர், அவள் முகத்தைப் பார்த்ததும் குரலை இறக்கினார். "நாளையிலிருந்து பார்சல் அறைக்குப் போ."

அன்று மாலை அம்மா படுக்கவில்லை. "கூடம் வரைக்கும் கேட்டுச்சுடி. எல்லாரும் மெஷினை நிறுத்திட்டோம். அவனைப் பார்த்தியா?"

"கூட்டத்துல சரியாத் தெரியலைம்மா."

மூன்று வாரம் கழித்து அஞ்சலட்டை வந்தது. காலில் காயம்பட்டு, இரண்டு மாதத்துக்கும் மேலாக வேறோர் ஊர் மருத்துவமனையில் கிடக்கிறான். அந்த ரயிலில் அவன் இல்லவே இல்லை. பிள்ளை உயிரோடிருக்கிறான் என்று அம்மா அழுதுகொண்டே சிரித்தாள். அவளும் சிரித்தாள்.

ஆனால் மறுநாள், பார்சல் அறையில் மூட்டைகளுக்கு நடுவே உட்கார்ந்திருந்தபோது, அந்தக் கைகளெல்லாம் எங்கே போய்ச் சேர்ந்தனவோ என்றிருந்தது. எழுதிக் கேட்கலாமென்றால், ஒருவன் பெயர்கூட அவளுக்குத் தெரியாது.