மேரி ராணிக்குப் பிறக்காத பிள்ளை

செத்துப்போன பெரியப்பாவைக் குளிப்பாட்ட நீர்மாலை எடுக்கக் கிளம்பிய வினோத்குமாரின் கையிலிருந்து குடத்தை நாகஜோதி வாங்கிக்கொண்டாள். வாங்கினாள் என்பது மரியாதைக்குச் சொல்வது, பிடுங்கினாள். சங்கு ஊதுகிறவர் பாதியில் நிறுத்திவிட்டார்.

“எங்க அய்யாவுக்கு நான்தான் கொள்ளி வைப்பேன்.”

“ஏத்தா, பொம்பளப் பிள்ளை சுடுகாட்டுக்கு வர்றதா? சாயல்குடியே சிரிக்கும்,” என்றார் முத்துராமலிங்கம். செத்தவரின் தம்பி, வினோத்தின் அப்பா.

“சிரிக்கட்டும் சித்தப்பா. அய்யாவுக்குப் பிள்ளைன்னு நான் ஒருத்திதான இருக்கேன்.”

அதில் அவளுக்குச் சந்தேகமே இருந்ததில்லை. அம்மா போனபின் அவருக்குச் சோறு போட்டவளும் அவள்தான். அய்யா பள்ளிக்கூடத்தில் வரலாற்று ஆசிரியர். பாடத்தில் இருக்கிற ராஜாக்கள் போதாதென்று, சாப்பிடும்போது நடக்காத வரலாறும் சொல்வார். இங்கிலாந்து ராணி மேரி, ஸ்பெயின் இளவரசன் பிலிப்பைக் கட்டிக்கொண்டாள். பிள்ளை பிறக்கவில்லை. அவள் செத்ததும் தங்கை எலிசபெத் பட்டத்துக்கு வந்தாள். “ஒரு பையன் பொறந்திருந்தான்னு வையி,” என்று அய்யா ஆரம்பித்தால் தட்டில் சோறு காய்ந்துவிடும். அந்தப் பையனுக்கு முடிசூட்டுவார், இரண்டு தேசத்தையும் ஒன்றாக்குவார், அவனுடைய கப்பல்களை நம் கடல்வரைக்கும் கொண்டுவந்து முத்துக் குளிக்க விடுவார். “அப்ப எலிசபெத்து?” என்று கேட்பாள். “அவ எங்கயாவது மூலையில தையல் தைச்சிக்கிட்டு இருப்பா.” நல்லவேளை அப்படி நடக்கவில்லை, அய்யா அதைத்தான் சொல்ல வருகிறார் என்று நாகஜோதி நம்பியிருந்தாள். எலிசபெத் தான்தான் என்றும்.

“இங்கன வாக்கா,” என்று வினோத் அவளை அடுப்படிக்குக் கூப்பிட்டான். நல்ல பையன். முகம் வெளிறியிருந்தது.

“ஒனக்கு வேணும்னா நான் ஒதுங்கிக்கிறேன். ஆனா நேத்து ஆஸ்பத்திரியில, நீ இட்லி வாங்கப் போயிருந்தப்ப, பெரியப்பா என் கையப் பிடிச்சிக் கேட்டாரு.”

“என்னன்னு?”

அவன் தரையைப் பார்த்தான். “நீதான் வைக்கணும்னு. ‘ஏலே, அவன் இருந்திருந்தா ஒன்னையக் கேக்க வேண்டியிருக்காது’ன்னு அழுதாருக்கா.”

“எவன்?”

“ஒனக்கு முன்னாடி ஒரு அண்ணன் பொறந்து செத்துச்சாமே.”

யாரோ எப்போதோ சொல்லி அவளும் கேட்டதுதான். இத்தனை வருசமாகச் சோற்றுத் தட்டின் முன்னால் அய்யா முடிசூட்டிக்கொண்டிருந்தது அவனுக்கு என்றுதான் தெரியாமல் போயிற்று. கூடத்தில் வாய்க்கட்டோடு கிடக்கிறவரிடம் என்னவென்று சண்டை போடுவது? குடத்தை வினோத்திடம் கொடுத்துவிட்டாள்.

தூக்கிக்கொண்டு போனபின் சித்தி சேதுலட்சுமி கூடத்தில் தண்ணீரை ஊற்ற, நாகஜோதி விளக்குமாற்றால் தள்ளினாள்.

“சித்தி, அந்தப் பிள்ளைக்கு என்ன பேரு?”

“எந்தப் பிள்ளை?”

“எனக்கு முன்னாடி பொறந்தது.”

சித்தி வாளியை இறக்கிவைத்து யோசித்தாள். “அதுவா? பேரு வைக்கிறதுக்குள்ள போயிருச்சேத்தா.”

நாகஜோதி தலையாட்டினாள். தண்ணீர் வாசற்படியைத் தாண்டித் தெருவில் இறங்கும்வரை தள்ளிக்கொண்டே இருந்தாள்.