காரையில் எடுத்த அமெரிக்கா

ஆள் இல்லாத போட்டோவைப் பார்த்தால் எங்கள் பக்கத்துச் சனங்களுக்கு ஏன் அப்படி எரிச்சல் வருகிறது என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை. எனக்கு எரிச்சல் வருவது அவர்களைப் பார்த்து.

பெரம்பலூர் பழைய பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் பஞ்சநாதன் மாமா ஸ்டுடியோ வைத்திருந்தார். அம்மாவுக்கு ஒன்றுவிட்ட தம்பி. ஒன்பதாவதோடு பள்ளிக்கூடத்தை விட்ட நான் அங்கே பாஸ்போர்ட் போட்டோ வெட்டுவது, பிலிம் மாட்டுவது, வெளி வேலைக்குப் போனால் லைட் பிடிப்பது எல்லாம் செய்தேன். வந்தவர்களிடம் பேசுவது மட்டும் மாமா வேலை. எனக்கு அது வராது.

அந்தப் படத்தை எடுத்தது சித்திரையில். பக்கத்துக் காரை கிராமத்தில் ஒரு காதுகுத்தை முடித்துக்கொண்டு திரும்பும்போது, மழைத்தண்ணீர் அரித்து மேடும் மடிப்புமாகக் கிடக்கும் ஓடைக்காட்டு ஓரத்தில் வண்டி நின்றுவிட்டது. மாமா பிளக்கைக் கழற்றி ஊதிக்கொண்டிருந்தார். எங்கள் மேல் ஒரு துளி இல்லை. கிழக்கே மட்டும் மேகம் கறுத்து, அதன் அடியிலிருந்து மழை சாம்பல் நிறத்தில் இறங்கி, தூரத்துக் காட்டை அழித்துக்கொண்டே வந்தது. எங்கள் முதுகுப் பக்கம் சாயங்கால வெயில். அது தாழ்வாகப் போய் ஓடை மடிப்புகளில் விழுந்ததும், செம்மண் மேடெல்லாம் ஊதிவிட்ட கங்கு மாதிரி சிவந்தது. கறுத்த மேகத்தில் பாதி வானவில்.

கேமரா என் கழுத்தில் இருந்தது. ரோலில் கடைசி பிலிம். மேகத்துக்கு வெளிச்சம் வைத்தால் மண் இருண்டுபோகும், மண்ணுக்கு வைத்தால் மேகம் வெளுத்துப்போகும். இரண்டுக்கும் நடுவில் வைத்து அமுக்கினேன்.

சத்தம் கேட்டு மாமா திரும்பினார். "என்ன புள்ள எடுத்த?"

"மழை மாமா."

"மழைக்கு முன்னாடி யாரு நின்னா?"

"யாரும் நிக்கலை."

"கெட்டுது போ. இருந்த ஒத்த பிலிமும் போச்சு. மழை வந்து பிரிண்டு வாங்கிட்டுப் போவுமா?"

பிலிம் கழுவக் கொடுக்கும் திருச்சி லேபில் இருந்தவருக்கு அது பிடித்துப்போய்ப் பெரிதாகப் போட்டு அனுப்பியிருந்தார். மாமா வேண்டாவெறுப்பாகச் சுவரில் மாட்டினார். பக்கத்து டீக்கடை சாமிதுரை அண்ணன் தம்ளரோடு வந்து நின்று பார்த்தார்.

"யாரு வூட்டு விசேஷம் பஞ்சநாதா? ஒருத்தரையும் காணோம்."

வந்தவர்கள் எல்லாம் முதலில் வாயைப் பிளந்தார்கள். பிறகு எந்த ஊர் என்று கேட்டார்கள். காரை என்றதும் முகம் சுருங்கிவிடும். "காரையா? வெறும் ஓடைல்ல கெடக்கு அங்க!" அவ்வளவுதான், திரும்பிச் சீப்பை எடுத்துத் தலை வாரப் போய்விடுவார்கள். ஒரு நிமிடத்துக்கு முன்னால் அதே கண்ணால்தானே பார்த்தார்கள்? ஊர்ப் பேரைக் கேட்டதும் வானவில் அழிந்துபோயிற்றா?

ஒரு நாள் புதுசாகக் கல்யாணமான ஜோடி ஒன்று கேட்டபோது மாமா சலித்துப்போய், "அமெரிக்கா" என்றார்.

"அமெரிக்காவா! எங்கள அது முன்னாடி நிக்க வச்சு எடுங்க சார்."

அன்றைக்குப் பிடித்தது சனி. மாமா திருச்சிக்கே போய் அதை ஆள் உயரத்துக்கு ஃபிளெக்ஸில் போட்டுக்கொண்டு வந்துவிட்டார். அதுவரை தொங்கிய, அருவி வரைந்த பழைய படுதாவைச் சுருட்டி மூலையில் வைத்தார். படத்தில் இருந்த ஒற்றைக் கருவேலம் புதர் அமெரிக்காவுக்கு ஒத்துவராது என்று அதை மறைக்கப் பிளாஸ்டிக் பூச்சாடி. மேட்டில் ஓர் ஆடு நிற்கும், அதை மட்டும் மறைக்க முடியவில்லை.

"அமெரிக்காவுலயும் வெள்ளாடு உண்டா சார்?"

"ஏன், அவன் கறி திங்க மாட்டானா?"

கூலிங் கிளாஸும் தொப்பியும் மாட்டிக்கொண்டு வாலிகண்டபுரத்திலிருந்தெல்லாம் வந்தார்கள். நான் லைட் பிடித்தேன். பல்லைக் கடித்துக்கொண்டு பிடித்தேன். ஃபிளெக்ஸின் கீழ் ஓரத்தில் காரை என்று இரண்டே எழுத்து எழுதினால் போதும் என்று மாமாவிடம் ஒருமுறை கேட்டேன்.

"எழுதிட்டு நீ மட்டும் அது முன்னாடி நின்னுக்க" என்றார்.

ஆடி முடிந்து ஒரு வெள்ளிக்கிழமை கமலவேணி என்கிற அம்மாள் மாப்பிள்ளை வீட்டாருக்குக் கொடுக்க மகளைப் போட்டோ எடுக்க அழைத்து வந்தார். மகள் தேவயானி பட்டுப் புடவையில், தலை நிறையப் பூ. கடையில் வேறு நாலு பேர் காத்திருந்தார்கள்.

"அம்மா, நான் அமெரிக்காவுலயே எடுத்துக்கறேம்மா."

கமலவேணி ஃபிளெக்ஸின் பக்கத்தில் போனார். மூக்கு இடிக்கிற அளவுக்குப் போனார்.

"இது எங்க ஓடைல்ல? இது எங்க ஒத்தக்காது கறுப்பில்ல?"

"அக்கா, அது அமெரிக்கா" என்றார் மாமா.

"அமெரிக்காவுக்கு என் ஆடு எப்படிய்யா போச்சு? பஸ் ஏறியா?"

காத்திருந்தவர்கள் சிரித்தார்கள். தேவயானிக்கு அழுகை முட்டியது. "ஏம்மா மானத்த வாங்கற?"

"சும்மா இருடி. நித்தம் அந்த வெயில்ல அங்க வேகுறது பத்தாதா? காசு குடுத்து அது முன்னாடி வேற நிக்கணுமா?"

மாமா என் பக்கம் திரும்பினார். "அம்பிகா, நீ சொல்லு. அமெரிக்காதானே?"

நான் வாய் திறக்க மாட்டேன் என்று அவருக்குத் தெரியும். தலையை ஆட்டினால் போதும், எல்லோரும் நம்பிவிடுவார்கள். படமும் சுவரிலேயே இருக்கும், அமெரிக்காவாக. இல்லையென்று சொன்னால் நாளைக்கே கீழே இறங்கிவிடும்.

"காரைதான் மாமா. நான்தான எடுத்தேன்."

என் குரல் எனக்கே ஒரு மாதிரி இருந்தது. காத்திருந்தவர்களில் ஒருவர் கூலிங் கிளாஸைக் கழற்றினார். "காரையா? அப்ப எங்களுக்கு அந்த அருவியவே மாட்டுங்க சார்." மாமா என்னைப் பார்த்த பார்வையை எழுத எனக்கு வராது.

கமலவேணியாவது சந்தோஷப்படுவார் என்று நினைத்தேன். அவர் இடுப்பில் கை வைத்துக்கொண்டு என்னிடம் வந்தார்.

"நீதானா அது? ஏண்டி, ஆடு தெரிஞ்ச கண்ணுக்கு மனுசி தெரியலையா? அந்தக் கருவ முள்ளுக்குப் பின்னாடி சாக்கைத் தலையில போட்டுக்கிட்டு நான்தானடி உக்காந்திருந்தேன்!"

"நான் மழையை எடுத்தேங்க அத்தை..."

"எடு, வேண்டாங்கல. என்னையும் சேத்து எடுத்தா மழை நின்னுபோவுமா?"

படத்தில் ஆள் வேண்டும் என்று இவருமா கேட்பது என்றிருந்தது எனக்கு.

"இப்ப எடு" என்று அவரே பூச்சாடியை நகர்த்திவிட்டுப் புதருக்குப் பக்கத்தில் போய் விறைப்பாக நின்றார். நாற்காலி வேண்டாமாம். கேமரா வழியாகப் பார்த்தேன். வானவில் மொத்தமும் அவர் தலைக்குப் பின்னால் போய்விட்டது.

"அத்தை, கொஞ்சம் இந்தப் பக்கம் தள்ளி நில்லுங்க. வானவில் மறையுது."

"மறையட்டும். அது நித்தமும் வந்து ஆடு மேய்க்குதா? நான் இருந்தது இங்கதான்."

"எடுத்துத் தொலை" என்றார் மாமா பின்னாலிருந்து. அமுக்கினேன்.

தேவயானியை அருவிக்கு முன்னால் நிற்க வைத்து எடுத்தோம். மறுநாள் ஃபிளெக்ஸ் சுவரிலிருந்து இறங்கியது. மாமா அதை வெளியே வண்டிக்கு மேல் போர்த்திக் கயிறு போட்டுக் கட்டிவிட்டார். தூறல் விழுந்தால் என் மழையில் ஊர் மழை சொட்டும். எத்தனை நாள் அவர் என்னோடு பேசவில்லை என்பதை எண்ண நான் முயலவில்லை. பேசாமல் இருந்ததும் எனக்குச் சௌகரியமாகத்தான் இருந்தது.

அடுத்த வாரம் பிரிண்டு வாங்கக் கமலவேணி வந்தார். கையில் வைத்து நீட்டிப் பார்த்தார், கிட்டத்தில் வைத்துப் பார்த்தார். டீக்கடைக்குப் போய்ச் சாமிதுரை அண்ணனிடம் காட்டி, "எங்க காரை ஓடை, பாத்துக்கங்க" என்று சத்தமாகச் சொன்னது உள்ளே எனக்குக் கேட்டது. திரும்பி வந்து அதை என் மேசையில் வைத்தார்.

"கீழ ஊர்ப் பேரை எழுதிக் குடு புள்ள. நாளைக்கு எவனும் வேற ஊருன்னு சொல்லக் கூடாது."

மை அழியாத பேனாவை எடுத்துக் கீழ் ஓரத்தில் இரண்டு எழுத்தையும் எழுதினேன். வானவில் இருக்க வேண்டிய இடத்தில் அவர் கொண்டை இருந்தது.

"நல்லா வந்திருக்கேனா?" என்றார்.

"வந்திருக்கீங்க" என்றேன்.