தலைக்குள் ஒன்றுமில்லை

ஸ்கான் அறைக்கு வெளியே நுஸ்ரியா இரண்டு மணிநேரமாகக் காத்திருந்தாள். எட்டு வயது மகள் ஸஜானா அவளுடைய அபாயாவின் நுனியை விடவேயில்லை. மலசலகூடத்துக்குப் போனபோதும் அப்படித்தான். நான்கு மாதத்துக்கு முன் பள்ளிக்கூட ஆட்டோ கவிழ்ந்து தலை அடிபட்டதிலிருந்து இந்தப் பிடி. காயம் ஆறிவிட்டது. ஆனால் உம்மா கண்ணில் படாவிட்டால் பிள்ளைக்கு மூச்சு முட்டும், கை சில்லிட்டுப் போகும். பள்ளிக்கூடமும் நின்றுவிட்டது.

நுஸ்ரியாவுக்கு நண்டுச் சதை எடுக்கும் கம்பனியில் வேலை. பிள்ளைகளை உள்ளே விடமாட்டார்கள். பிள்ளைக்குச் சுகமில்லை, வருத்தம் என்று டொக்டரின் கடிதம் இருந்தால் மட்டும் வேலை அறைக் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் சாப்பாட்டறையில் இருத்தலாம் என்று மேற்பார்வையாளர் றஞ்சிதா சொல்லியிருந்தாள். இல்லாவிட்டால் வேலையை விடவேண்டியதுதான்.

ஸ்கான் முடிந்ததும் டொக்டர் திரையைப் பார்த்துச் சிரித்தார்.

"தலைக்குள்ள ஒண்டும் இல்லை அம்மா. சந்தோசமாப் போங்கோ."

"அப்ப இந்தப் பயம், டொக்டர்?"

"தலை அடிபட்ட பிள்ளையளுக்கு வாறதுதான். அது படத்தில தெரியாது. மனநலக் கிளினிக்குக்கு எழுதித் தாறன். திகதி மூண்டு மாதத்துக்குப் பிறகுதான் கிடைக்கும்."

பஸ் மன்னார்ப் பாலத்தில் ஏறியபோதுதான் ஸஜானா கேட்டாள்.

"உம்மா, என்ட தலைக்குள்ள ஒண்டும் இல்லையா?"

"இல்லையாம் மகள். அல்ஹம்துலில்லாஹ்."

ஸஜானாவின் உதடு பிதுங்கியது. "மூளையும் இல்லையா?"

நுஸ்ரியாவுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. மகளின் முகத்தைக் கண்டதும் நின்றது. பாவம், இவ்வளவு தூரமும் பிள்ளை வெறும் தலையோடு வந்திருக்கிறது.

"மூளை நல்லா இருக்குது. கெட்டது ஒண்டும் இல்லை எண்டுதான் டொக்டர் சொன்னவர்."

"அப்ப பயம் எங்க உம்மா இருக்கு?"

நுஸ்ரியா அவளை மடியில் இழுத்துக்கொண்டாள்.

மறுநாள் றஞ்சிதா ஸ்கான் அறிக்கையை இரண்டு தரம் வாசித்தாள்.

"ஒண்டும் இல்லை எண்டுதானே போட்டிருக்கு?"

"பயம் அதில தெரியாதாம் அக்கா."

"எனக்கு விளங்குது நுஸ்ரியா. மனேஜருக்கு விளங்காது. கிளினிக் டொக்டர் எழுதித் தரட்டும். அதுவரைக்கும் பிள்ளை கேற்றுக்கு வெளியில நிக்கட்டும்."

நுஸ்ரியா சதை எடுக்கும் மேசையை விட்டு, சதை எடுத்த நண்டு ஓடுகளை வாளியில் கொண்டுபோய்க் கொட்டும் வேலையைக் கேட்டு வாங்கினாள். சம்பளம் குறைந்த, நாற்றம் பிடித்த வேலை. யாரும் விரும்பிக் கேட்பதில்லை. ஆனால் ஓடு கொட்டும் குழி கேற்றுக்குப் பக்கத்தில் இருந்தது. கம்பி வலைக்கு வெளியே வெயிலில் ஸஜானா நின்றாள். கொட்டிவிட்டுத் திரும்பும் ஒவ்வொரு முறையும் உம்மா வலைக்குள்ளால் ஒரு விரலை நீட்டினாள். மகள் அதை இறுக்கிப் பிடித்து, பிறகு விட்டாள்.

பதினொரு மணிபோல் றஞ்சிதா உள்ளேயிருந்து கூப்பிட்டாள்.

"என்ன நுஸ்ரியா, அரை வாளியோட ஓடுறீங்கள்? நிறைச்சுக் கொண்டுபோங்கோ."

"ஓம் அக்கா" என்றாள் நுஸ்ரியா. அடியில் நாலைந்து ஓடுகள் மட்டும் கிடந்த வாளியைத் தூக்கிக்கொண்டு கேற்றை நோக்கி நடந்தாள்.