கடைசி லோடு

பதிவு செய்த பெயர் 'மலைப்பாதை மீட்புக் குழு'. போடியில் அப்படிச் சொல்ல யாருக்கு நேரமிருக்கிறது? ஆபத்துக் கமிட்டி என்றுதான் சொல்வார்கள். ஏலக்காய் வியாபாரிகளும் ஜீப் முதலாளிகளும் காசு போட்டு ஆரம்பித்தது. மலையில் சிக்கியவர்களை உயிரோடு கீழே கொண்டுவருவதுதான் அதன் வேலை. பட்டாளத்திலிருந்து திரும்பிய சுருளிவேலைத் தலைவராக்கியிருந்தார்கள். அவர் வாயைத் திறந்தால் ஊர் கேட்கும். அதில் அவருக்குக் கொஞ்சம் பெருமையும் உண்டு.

எழுபத்தொன்பது ஐப்பசியில் ஒருநாள் காலை, மலையடிவாரத்து முந்தலுக்கு மேலே மண் சரிந்து ரோட்டை மூடியது. எஸ்டேட் ஆட்களை ஏற்றிக்கொண்டு கண்ணுச்சாமி தன் ஜீப்பை ஓட்டி இறங்குகிற நேரம் அது. வண்டி மண்ணுக்கடியில் கிடக்கிறதா, மேலேயே நின்றுவிட்டதா, தெரியவில்லை. குழு தோண்ட ஆரம்பித்தது.

அதற்குள் கீழே ராசிங்காபுரத்தில் கண்மாய் உடைந்து, குடிசைகளைத் தண்ணீர் சூழ்ந்துவிட்டதென்று ஆள் ஓடி வந்தான். குழுவிடம் இருப்பதோ ஒரே வண்டி, கொஞ்சம் ஆட்கள். சுருளிவேல் முந்தல் செக்போஸ்ட்டிலிருந்து மலை உச்சியில் இருக்கும் போடிமெட்டுக்கு போன் போட்டார். அங்கிருந்து வண்டிகளைக் கீழே அனுப்பிவைக்கும் ஒச்சப்பன்தான் எடுத்தான்.

"கடைசி லோடு என்னாச்சுப்பா?"

"திரும்பி வந்துருச்சுண்ணே. பத்திரமா இருக்கு."

அவ்வளவுதான். போனை வைத்தார். கொஞ்ச நேரத்தில் மழையில் லைனும் அறுந்துபோனது. சுருளிவேலுக்கு மூச்சு வந்தது. ஆட்களைக் கிளப்பினார்.

அப்போதுதான் கண்ணுச்சாமியின் பெண்டாட்டி அன்னக்கொடி, தன் தம்பிமார்களோடு வந்து சேர்ந்தாள். எல்லார் கையிலும் மண்வெட்டி இருந்தது.

"அதெல்லாம் வேணாத்தா. ஒன் வீட்டுக்காரன் மேல பத்திரமா இருக்கான். மறுபடி மண்ணு சரியும், ஒருத்தரும் இங்க நிக்கக் கூடாது. வெரசா வீட்டுக்குப் போங்க."

"நெசமாவாண்ணே?"

"நாஞ் சொல்றேன்ல."

அவர்கள் போனார்கள். ரோட்டுக்குக் குறுக்கே கயிறு கட்டி, யாரையும் விடாதே என்று காவலுக்கு ஆளும் நிறுத்திவிட்டுத்தான் சுருளிவேல் புறப்பட்டார்.

ராசிங்காபுரத்தில் ஒரு உயிர்கூடப் போகவில்லை. பிள்ளைகளைத் தோளில் தூக்கிக் கரை சேர்த்தார்கள். யாரோ எங்கிருந்தோ ஒரு மாலை கொண்டுவந்து அவர் கழுத்தில் போட்டார்கள். வேண்டாம் என்று சொல்லிக்கொண்டே தலையைக் குனிந்தார். சந்தோஷமாகத்தான் இருந்தது.

மறுநாள் காலை லைன் சரியானதும் ஒச்சப்பனே கூப்பிட்டான்.

"கண்ணுச்சாமி வண்டிய எப்பண்ணே மேல அனுப்புவீக? இங்க ஆளுக காத்துக் கெடக்காக."

"அது மேலதானப்பா இருக்கு?"

"இல்லண்ணே, அது மண்ணு சரியறதுக்கு முன்னயே எறங்கிருச்சே. திரும்பி வந்தது ஏலக்கா லோடுதாண்ணே."

மலையில் மனுசனும் லோடுதான், மூட்டையும் லோடுதான். ஆள் லோடா, சரக்கு லோடா என்று ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். இத்தனை வருசம் அந்த ரோட்டில் அலைந்தவருக்கு அது தெரியாததா? தனக்கு வேண்டிய பதில் வந்துவிட்டதும் போனை வைத்துவிட்டார்.

தோண்டி எடுத்தார்கள். ஒருவரும் பிழைக்கவில்லை. கண்ணுச்சாமி ராத்திரி வரைக்கும் உயிரோடு இருந்திருக்கிறார் என்றார் டாக்டர். சுருளிவேலுக்கு அழுகை வரவில்லை. உள்ளே எல்லாம் மரத்துக் கிடந்தது. யாரோ கொடுத்த டீயைச் சூடு தெரியாமல் குடித்தார். வழக்கம்போல உத்தரவும் போட்டார்: பாயை விரி, கூட்டத்தை விலக்கு. குரல் மட்டும் வேறு யாருடையதோ போலக் கேட்டது.

அன்னக்கொடி வந்தாள். அடிப்பாள், மண்ணை வாரித் தூற்றுவாள் என்று எதிர்பார்த்தார். அப்படியாவது ஏதாவது உறைக்காதா என்றிருந்தது.

"ஒச்சப்பங்கிட்ட வெளக்கமாக் கேட்டுருக்கணும்த்தா. நாந்தான் கேக்கல."

அவள் அவரைக் குறை சொல்லவில்லை. புருசன் முகத்தில் ஒட்டியிருந்த மண்ணை முந்தானையால் துடைத்துவிட்டு, நேற்றுப் பார்த்த அதே நம்பிக்கையோடு அவரை நிமிர்ந்து பார்த்தாள்.

"இப்ப நான் என்ன செய்யணும்ணே? நீங்களே சொல்லுங்க."