கயிறு வந்தாச்சு

"எது வரைக்கும் வந்திருக்கு நம்ம கப்பல் புராணம்?" என்று கேட்டபடி டெல்மர் உள்ளே வந்தான்.

ஆர்வில் டெஸ்கி தட்டச்சுப் பொறியிலிருந்து தலையைத் தூக்கவில்லை. "பனாமா கால்வாயத் தாண்டியாச்சு."

"அவ்வளவுதானா? நாலு நாளா தட்டுற. நிஜமா போனப்பகூட இதைவிட வேகமா போனோம்."

"அப்ப எட்டு எஞ்சின் இருந்துச்சு. இங்க ரெண்டு விரல்தான்."

இரண்டாம் உலகப் போர் முடிந்து ஐந்து மாதம் ஆகிவிட்டது. காலாட்படையைச் சுமந்துபோய்க் கரையில் இறக்கிய கப்பல்கள் எல்லாம் கொலம்பியா ஆற்றின் முகத்துவாரத்தில், மழையில், விலாவோடு விலா ஒட்டிக் கட்டிக் கிடந்தன. அவற்றுக்குப் பெயர் கிடையாது, எண்தான். இவர்களுடையது 1127. வரும் வியாழக்கிழமை அதன் கொடியை இறக்கிப் பணியிலிருந்து நீக்கிவிடுவார்கள். அதற்கு முன்னால் கப்பலின் பணி வரலாற்றை மூன்று பக்கத்துக்குள் எழுதி அனுப்பவேண்டும் என்று உத்தரவு. இருபத்தொன்பது பேரில் மிச்சம் இருந்தவர்கள் ஒன்பது பேர். அதில் தட்டச்சு தெரிந்தவன், நெப்ராஸ்காவில் தானியக் கிடங்கில் எழுத்தராக இருந்த ஆர்வில் ஒருவன்தான். கேப்டன் கையால் எழுதிக் கொடுப்பார், இவன் அடிப்பான்.

சமையல்காரன் டெல்மர் இவன் முன்னால் ஒரு குவளைக் காப்பியை வைத்தான். கேட்காமல் காப்பி வந்தால் டெல்மருக்கு ஏதோ வேலை ஆகவேண்டும் என்று அர்த்தம்.

"குமாஸ்தா ஐயா, கார்பன் தாள் ஒண்ணு கூடுதலா வச்சு அடிங்க. எனக்கு ஒரு படி வேணும்."

"உனக்கு எதுக்குடா? படிக்கத் தெரியுமா?"

"எனக்கில்ல. எமரியோட அக்காவுக்கு."

ஆர்வில் விரலை எடுத்துக்கொண்டான்.

"உனக்குத்தான் தெரியுமே, டொலீடோவில இருக்காளே இலோனா. எமரிய வளத்ததே அவதான். தந்தியில 'பணியின்போது இறந்தார்'னு ஒரே வரி. எப்படி செத்தான்னு கேட்டு எனக்கு நாலு கடுதாசி போட்டுட்டா. நான் அன்னிக்குக் கீழ தோட்டாப் பெட்டி தூக்கிட்டிருந்தேன், எனக்கு என்ன தெரியும்? ஃபோன் கெட்டுப்போச்சுன்னு கேப்டன் சொன்னாரு, அதையே எழுதினேன். அவ நம்பல. கேப்டன் கையெழுத்துப் போட்ட காகிதம்னா நம்புவா. ஊருக்குப் போற வழிதான, இறங்கிக் குடுத்துட்டுப் போறேன்."

"சரி," என்றான் ஆர்வில்.

எமரி வர்கா கயிற்றுக்காரன். கப்பல் மூக்கைக் கரையில் முட்டியதும் இரண்டு பக்கமும் ஏணிப்பாலம் இறங்கும். ஏணி தொடும் இடத்தில் தண்ணீர் எவ்வளவு ஆழம் என்று யாருக்கும் தெரியாது. முதுகில் மூட்டையோடு சிப்பாய்கள் முழுகிவிடக் கூடாதே என்று, அவர்களுக்கு முன்னால் ஒருவன் கயிற்றின் நுனியோடு நீந்திப்போய்க் கரையில் எதிலாவது கட்டுவான். எல்லோரும் அதைப் பிடித்துக்கொண்டு கரையேறுவார்கள். கடைசியில் அவன் அதே கயிற்றைப் பற்றிக் கப்பலுக்குத் திரும்புவான். பிறகு, பின்பக்கம் கடலில் போட்டிருக்கும் நங்கூரத்தின் கம்பியை வின்ச் உருளை சுற்றி இழுக்க, கப்பல் கரையைவிட்டுப் பின்னால் நகரும். 1127-இல் அந்த ஆளையே கயிறு என்றுதான் கூப்பிட்டார்கள். 'டேய் கயிறு, சாப்பிட வா.' 'கயிறு தூங்குது, எழுப்பாத.' எமரிக்கும் அது பிடித்திருந்தது. கயிறு என்று கையெழுத்துப் போட்டு டெல்மரிடம் சீட்டாட்டத்தில் சிகரெட் கடன் வாங்கியிருக்கிறான்.

பிற்பகலில் ஆர்வில், லெய்த்தே தீவில் படையை இறக்கிய நாள் வரைக்கும் வந்துவிட்டான். கேப்டனின் கையெழுத்து அங்கே மட்டும் மிகத் தெளிவாக இருந்தது.

'முற்பகல் 9.40-க்குக் கப்பல் கரையைத் தொட்டது. 188 வீரர்கள் இறக்கப்பட்டனர். எதிரியின் குண்டுவீச்சில் முன்பகுதித் தொலைபேசி பழுதடைந்ததால், கயிறு கொண்டுசென்ற மாலுமி இ. வர்கா கரையில் இருப்பது தெரியவராமல், 9.58-க்குக் கப்பல் பின்வாங்கியது.'

கப்பலின் மூக்கில் நடப்பதை மேலே நிற்கும் கேப்டனுக்குச் சொல்ல, முன்பகுதித் தொலைபேசியைக் காதில் மாட்டிக்கொண்டு நின்றவன் ஆர்வில்.

அந்த வரியில் 'தொலைபேசி' வரைக்கும் அடித்தான். அதற்கு மேல் விரல் போகவில்லை. தாளை உருவி எடுத்துக்கொண்டு கேப்டன் அறைக்குப் போனான்.

கேப்டன் ப்ரூவிட் ஒரு மரப்பெட்டிக்குள் புத்தகங்களை அடுக்கிக்கொண்டிருந்தார். போருக்கு முன்னால் பள்ளியில் கணக்கு வாத்தியார். முப்பது வயசுதான், பார்த்தால் நாற்பது என்பார்கள்.

"முடிச்சிட்டியா?"

"இல்ல சார். இந்த வரி."

அவர் தாளை வாங்கிப் பார்த்தார். உட்காரச் சொன்னார். ஆர்வில் உட்காரவில்லை.

"ஃபோன் கெடல சார்."

"தெரியும்."

"அப்புறம் ஏன் சார்?"

"வேற எப்படி எழுதச் சொல்ற? குண்டு விழுந்து அவன் கயிறு கட்டின தென்னைமரம் சாஞ்சது, கயிறு அவுந்து தொங்கிச்சு, முன்னாடி நின்னவங்க அதை இழுத்து மேல போட்டாங்க. நீ ஃபோன்ல என்ன சொன்ன?"

"கயிறு வந்தாச்சுன்னு சொன்னேன்."

"நீ கயிறச் சொன்ன. நான் ஆளை நினைச்சேன். 'எடு'ன்னு உத்தரவு போட்டேன். பின்னாடி வின்ச் நங்கூரத்த இழுக்க ஆரம்பிச்சிருச்சு. நீ சொன்னதும் தப்பில்ல, நான் கேட்டதும் தப்பில்ல. நாமளே வச்ச பேரு நம்மளக் கவுத்துருச்சு. இத மூணு பக்கத்துக்குள்ள வாஷிங்டன்ல இருக்கறவனுக்கு எப்படிப் புரியவைப்ப? ஒரு பேரு கிடைச்சா அதச் சுத்தி வட்டம் போடுவான். உன் பேரு. அதனால அன்னிக்கே ஃபோன்னு சொல்லிட்டேன். போய் அடி."

இதோடு நிறுத்திக்கொண்டு போயிருக்கலாம். ஒன்றேகால் வருஷமாக அப்படித்தான் நிறுத்திக்கொண்டிருந்தான்.

"வின்ச் சுத்த ஆரம்பிச்சப்ப நான் அவனப் பாத்தேன் சார்."

கேப்டனின் கையில் இருந்த புத்தகம் பெட்டிக்குள் போகவில்லை.

"எங்க பாத்த?"

"கரையில. அடிபட்ட சிப்பாய் ஒருத்தன மணலுக்கு இழுத்துப் போட்டுட்டு இடுப்பளவு தண்ணிக்கு வந்துட்டான். கையத் தூக்கினான். நிறுத்துங்கன்னு இல்ல சார், சும்மா... பஸ்ஸுக்குக் கைகாட்டுற மாதிரி. சிரிச்சுகிட்டே வந்தான். நிப்பாட்டுவோம்னு நினைச்சிருக்கான்."

"உன்கிட்ட ஃபோன் இருந்துச்சு."

"காதுலயே இருந்துச்சு. நீங்க மூச்சு விடுறதுகூடக் கேட்டுச்சு."

"எவ்வளவு நேரம்?"

"நங்கூரக் கம்பி பாதி உள்ள வர்ற வரைக்கும்."

"ஏன்?"

"சொன்னா மறுபடி கரைக்குப் போவீங்க சார். பக்கத்துக் கப்பல் எரிஞ்சுகிட்டிருந்துச்சு. போகக் கூடாதுன்னு இருந்துச்சு எனக்கு."

மழை தகரத்தில் தட்டிக்கொண்டிருந்தது. இரண்டு நாள் கழித்துத் தரைப்படையினர் எமரியைக் கரையோரத்தில் கண்டெடுத்தார்கள். அவன் எப்போது செத்தான், அன்று காலையா, மாலையா, கப்பல் திரும்பி வரும் என்று எவ்வளவு நேரம் பார்த்துக்கொண்டிருந்தான் என்பதெல்லாம் யாருக்கும் தெரியாது.

கேப்டன் கண்ணாடியைக் கழற்றினார், மறுபடி மாட்டினார்.

"இத்தன நாள் உன்னக் காப்பாத்தினதா நினைச்சுகிட்டிருந்தேன்," என்றார். "இப்ப நீ சொன்னத நான் எழுதினா உன்னக் கோர்ட்டுல நிறுத்துவாங்க. எழுதலன்னா நானும் உன்கூடச் சேந்து பொய் சொல்றேன்."

"எழுதுங்க சார்."

"எழுத மாட்டேன்." குரல் உயர்ந்துவிட்டது. "உனக்காக இல்ல. திரும்பிப் போயிருந்தா கப்பல்ல இருந்த இருபத்தெட்டு பேரும் எரிஞ்சிருப்போமோ என்னமோ. நீ வாயத் திறந்திருந்தா நான் போயிருப்பேனான்னு எனக்கே தெரியல. தெரியாதத எழுதிக் கையெழுத்துப் போட எனக்குத் தைரியம் கிடையாது. காகிதம் நான் எழுதின மாதிரிதான் போகும். மத்தது உன் பாடு. கதவச் சாத்திட்டுப் போ."

ஆர்வில் திரும்பி வந்து, அந்த வரியை இருந்தபடியே அடித்து முடித்தான். 'கப்பல் பின்வாங்கியது.' கப்பல் தானாக எழுந்து நடந்துபோனதுபோல இருந்தது படிக்க. கூடுதலாக வைத்த கார்பன் படியை உருவினான். கையெழுத்தோடு இதை டெல்மர் கொண்டுபோனால் அந்த அக்கா நம்பிவிடுவாள். அதுதான் ஆர்விலால் தாங்கமுடியவில்லை. இனி எந்தக் கடுதாசியும் வராது.

சமையலறையில் டெல்மர் சோளரொட்டியைத் துண்டு போட்டுக்கொண்டிருந்தான்.

"ஆச்சா? குடு குடு. கையில மாவு, அங்க வை."

"டெல்மர், ஃபோன் நல்லாத்தான் இருந்துச்சு."

"எந்த ஃபோன்?"

ஆர்வில் சொன்னான். கேப்டனிடம் சொன்னதைவிடக் குறைவான வார்த்தைகளில், பஸ்ஸுக்குக் கைகாட்டியதுபோல என்பதையும் விடாமல், சொல்லி முடித்தான். டெல்மர் ரொட்டியைத் துண்டு போடுவதை நிறுத்தவில்லை. எல்லாத் துண்டும் ஒரே அளவில் விழுந்தன.

"நாலு லெட்டர்," என்றான் கடைசியில். "நாலுக்கும் ஃபோன், ஃபோன்னு பதில் எழுதினேன். நீதான திருத்தியே குடுத்த? பழுதுங்கற வார்த்தைய எப்படி எழுதறதுன்னு உன்கிட்ட வந்து கேட்டேனேடா."

"ஆமா."

"சொல்லிக் குடுத்தியே!"

ஆர்வில் தாளை நீட்டிக்கொண்டே நின்றான். டெல்மர் அதை வாங்கவில்லை.

"எனக்கு வேணாம் அது. அத வச்சுகிட்டு அவ வாசல்ல நான் எப்படி நிக்கறது? இப்ப எனக்குத் தெரிஞ்சுபோச்சே. தெரியாம இருந்தப்ப எவ்வளவு நிம்மதியா பொய் சொன்னேன்!"

"நான் எழுதறேன் அவங்களுக்கு."

"எழுதுவியா? நல்லா எழுதுவ. மூணு பக்கத்துக்குள்ள எழுதுவ." கத்தியைக் கீழே வைத்தான். "வெள்ளிக்கிழமை ரயிலு. என்கூட வர்ற. டொலீடோவில இறங்கி அவ மொகத்தப் பாத்து நீ சொல்ற. நான் தெருவுல நிப்பேன், உள்ள வரமாட்டேன்."

"அவங்க என்ன செய்வாங்களோ."

"அடிப்பா. இல்ல, உக்கார வச்சு சோறு போடுவா. அவ எப்படின்னு எமரிக்குத்தான் தெரியும்."

"சரி. வர்றேன்."

"மூணு நாள் பயணம். என் பக்கத்துல உக்காராத. என்கிட்டப் பேசாத. வேற பெட்டியில ஏறிக்க."

"சரி."

சாப்பாட்டு மணி அடித்தது. ஒன்பது பேரும் தட்டோடு வரிசையில் நின்றார்கள். ஆர்வில் தட்டை நீட்டியபோது டெல்மர் எல்லோருக்கும் வைத்ததுபோலவே இரண்டு துண்டு ரொட்டியும் அவரைக்கொட்டையும் வைத்தான். "அடுத்தது யாரு?" என்றான்.