குப்பையால் அடைத்த மணல்மேடு

விடிந்ததும் தேநீர்க் கோப்பையோடு வீட்டு முன்பக்கத்து மரத்தளத்தில் வந்து நிற்பது டெஸ்மண்டின் வழக்கம். முன்பு அங்கிருந்து கடல் தெரிந்தது. இப்போது பதாகைதான் தெரிகிறது. மணல்மேட்டின் மேல் இரண்டு கம்பம் நட்டு, வீட்டை மறைக்கும் அகலத்துக்கு நகராட்சி கட்டியது. 'இங்கிருந்த மரங்களை யாரோ விஷம் வைத்துக் கொன்றிருக்கிறார்கள். தெரிந்தவர்கள் சொல்லவும்.' கடலைப் பார்க்க மரத்தைக் கொன்றவன் கடலைப் பார்க்கக் கூடாது. எங்கள் கரையில் அதுதான் தண்டனை.

அந்த 'யாரோ' டெஸ்மண்ட்தான். காலமெல்லாம் சாலை வேலையில் மண்வெட்டும் எந்திரம் ஓட்டி முதுகு போனவன். சேர்த்த காசையெல்லாம் போட்டு இந்த வீட்டை வாங்கியது கடலுக்காக. இடையில் மணல்மேடும் அதன்மேல் பாங்சியா என்னும் கடற்கரை மரங்களும் நின்றன. மரத்தில் துளை போட்டு மருந்து ஊற்றினான். அவை காய்ந்ததும், வாடகைக்கு எடுத்த சின்ன எந்திரத்தால் மேட்டையே ஓரிடத்தில் வெட்டித் தாழ்த்தினான். கூட்டாளி மெர்வ் நாற்காலி போட்டு உட்கார்ந்து பீர் குடித்துக்கொண்டு பார்த்தான். "ரோடு போட்டவன் கடலுக்கும் ஒரு ரோடு போடுறான்டா" என்று சிரித்தான்.

தெருவே பார்த்தது. யாரும் வாய் திறக்கவில்லை. திருடனைக்கூட மன்னிப்பார்கள், கூட இருப்பவனைக் காட்டிக் கொடுத்தவனை மன்னிக்க மாட்டார்கள். அது இங்கே பழகிய நியாயம்.

பதாகை ஏறியதும் டெஸ்மண்டுக்கு உதறல் எடுத்தது. வெட்டிய பள்ளத்தை மூடிவிட வேண்டும். வெட்டிய மணலை எப்போதோ கடற்கரையில் இறைத்துவிட்டிருந்தான். அதனால் காய்ந்த கிளைகளையும், தோட்டத்தில் வெட்டிய புல்லையும் மூட்டை மூட்டையாகப் போட்டு அடைத்தான். வெட்டின புல்லை மேட்டில் கொண்டுபோய்க் கொட்டுவது தெருவில் எல்லோருக்கும் பழக்கம்தான். அவர்களும் ஆளுக்குக் கொஞ்சம் கொட்டினார்கள். மேலே மணலைத் தூவினான். பார்வைக்குப் பழைய மேடு.

பிறகுதான் ரொவீனா வந்தாள். நகராட்சியில் மணல்மேடுகளைக் கவனிக்கிறவள். கடல் பொங்கினால் எங்கே ஏறி வரும் என்று கரை நெடுக உயரம் அளந்தாள். ஜனங்கள் நடந்து நடந்து தாழ்ந்துபோன பாதையில் சிவப்புக் குச்சி நட்டாள். டெஸ்மண்ட் வீட்டு முன்னால் வந்ததும், இங்கே மணலையும் யாராவது எடுத்தார்களா என்று கேட்டாள். காற்றில் கொஞ்சம் போயிருக்கும் என்றான் அவன். அவள் பச்சைக் குச்சி நட்டாள். பயமில்லை என்று அர்த்தம். டெஸ்மண்ட் அந்தக் குச்சியைப் பார்க்காமல் வீட்டுக்குள் போனான்.

குளிர்காலத்தில், வருஷத்திலேயே கடல் மிக உயரமாக ஏறும் பெரிய ஓத நாளில், கிழக்கே புயல் சின்னம் வந்து உட்கார்ந்தது. பிற்பகலில் தண்ணீர் உச்சத்துக்கு ஏறும் என்று வானொலி சொல்லிக்கொண்டே இருந்தது. சிவப்புக் குச்சி இருந்த பாதையில் தெருவே கூடி மணல்மூட்டை அடுக்கியது. அதன் பின்னால் இருந்த வீடுகளைக் காலி செய்துவிட்டார்கள். டெஸ்மண்ட் வீட்டுக்குப் பின்னால் தாழ்வான இடத்தில், சக்கரம் வைத்த வண்டி வீடுகளில் ஜனங்கள் குடியிருக்கும் பூங்கா. அங்கே யாரையும் கிளப்பவில்லை. கடைசி வண்டியில் மெர்வ் இருந்தான், நிலக்கரிச் சுரங்கம் தின்ற நுரையீரலோடு, மூக்கில் ஆக்சிஜன் குழாயோடு.

டெஸ்மண்ட் பதாகைக்கு அப்பால் மேட்டு விளிம்பிலேயே நின்றான். ஒவ்வோர் அலையும் மேட்டின் அடியை அறுத்தது. முகப்பு செங்குத்தாகச் சரிந்தது. அதில் ஓரிடத்தில் மணலுக்குப் பதில் கறுப்பாக ஏதோ தெரிந்தது.

"அது என்ன கறுப்பா?" என்று கேட்டாள் பின்னாலேயே வந்து நின்ற மனைவி நோலீன்.

அழுகிய புல். அவன் மெர்வுக்குப் போன் போட்டான். உடனே கிளம்பு, நான் வண்டி எடுத்து வருகிறேன் என்றான். மெர்வுக்குச் சிரிப்பு வந்து இருமலாயிற்று. "நம்ம பக்கம் பச்சைக் குச்சிடா மச்சான். அளந்து பாத்தவளே சொல்லிட்டா. நீ ஏன்டா நடுங்குற?"

சாவியை எடுத்தான் டெஸ்மண்ட். அவசரத்தில் அது கீழே விழுந்தது. நோலீன் அதை எடுத்தாள். கொடுக்கவில்லை.

"மெர்வை மட்டும் தூக்கிட்டு வரப் போறியா? அங்க குழந்தைகுட்டியோட எத்தனை பேர் இருக்காங்க? நீ சொல்றியா, நான் போய்ச் சொல்லட்டுமா?"

அவன் மூட்டை அடுக்கும் பாதைக்கு ஓடினான். அபராதம், வழக்கு, தெருவின் முகம் எல்லாம் கண்முன் வந்தன. மழையில் ரொவீனா முன்னால் போய் நின்றான்.

"என் வீட்டு முன்னாடி மேடு இல்ல. உள்ள பூரா குப்பை. நான்தான் வெட்டினேன்."

மூட்டை தூக்கியவர்கள் அப்படியே நின்றார்கள். ரொவீனா திட்டவில்லை. அவள் முகம் வெளுத்ததைப் பார்த்தபோதுதான் அவனுக்கு நிஜமான பயம் வந்தது.

"எவ்வளவு அகலம்?"

"லாரி போற அகலம்."

"மூட்டைய விடுங்க" என்றாள் அவள், எல்லோரையும் பார்த்து. "ஆளுங்களக் கிளப்புங்க."

கதவு கதவாகத் தட்டினார்கள். குழந்தைகளை அள்ளிப் போட்டுக்கொண்டு கார்கள் ஊருக்கு உள்ளே உயரத்தில் இருந்த மேட்டுத் தெருவுக்கு ஏறின. மெர்வால் நடக்க முடியவில்லை. டெஸ்மண்ட் ஒரு தோளில் அவனையும் ஒரு கையில் சிலிண்டரையும் தாங்கி நடந்தான். தண்ணீர் முழங்காலுக்கு வந்தபோது பின்னால் பெரிய மரம் முறிவதுபோல ஒரு சத்தம். திரும்பிப் பார்த்தான். அவன் வெட்டிய வழியிலேயே கடல் வந்துகொண்டிருந்தது. அவன் அடைத்த கிளைகள் அதன்மேல் மிதந்து வந்தன. மெர்வின் வண்டி ஒருபக்கமாகச் சாய்ந்து, மெதுவாகக் கவிழ்ந்தது.

எல்லோரும் மேட்டுத் தெருப் பள்ளிக்கூடத்துக்குள் ஒதுங்கினார்கள். உயிர்ச்சேதம் இல்லை. பதாகையைக் காற்று கொண்டுபோயிருந்தது. சன்னல் வழியே கடல் தாராளமாகத் தெரிந்தது. யாரும் பார்க்கவில்லை.

மெர்வ் மூச்சைப் பிடித்துப் பிடித்துப் பேசினான். "இவன் வெட்டுனப்ப நான் சிரிச்சிட்டு இருந்தேன். நீங்க ஆளாளுக்குப் புல்லு கொட்டுனீங்க. காட்டிக் கொடுக்காம இருக்கிறதுதான் சிநேகிதம்னு நெனச்சோம். அன்னிக்கே ஒருத்தன் வாயத் திறந்திருந்தா, இன்னிக்கு என் வீடு நின்னிருக்கும். இவனை மட்டும் முறைக்காதீங்க. வெட்டுனது ஒருத்தன், மறைச்சது தெரு."

தெரு தலை குனிந்தது.

டெஸ்மண்ட் ஈரத் தரையில் உட்கார்ந்திருந்தான். ரொவீனா கம்பளி ஒன்றை அவன்மேல் போட்டாள். நாளைக்கு எல்லாவற்றையும் எழுதிக் கொடுக்க வேண்டியிருக்கும் என்றாள். தருகிறேன் என்று தலையசைத்தான். பிறகு அவளிடமா தெருவிடமா என்று தெரியாமல் சொன்னான்:

"மேடு என் வீட்டு முன்னாடி இருந்துச்சு. அதனால என்னோடதுன்னு நெனச்சிட்டேன். அது பின்னாடி தூங்குறவங்களோடது."